கழுவிப் பூட்டிய பின் அணைந்துபோகும் எஞ்சின்

கேள்வி: எனது 100 சீசீ மோட்டார் சைக்கிளில் தினமும் தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பல மாதம் ஓட்டாமல் வைத்திருந்து எடுத்தபோது எஞ்சின் ஸ்லோவில் நிற்கவில்லை. கார்புரேட்டரை நானே கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினேன். இப்போது சோக் போட்டால்தான் ஓடுகிறது. சோக்கை எடுத்தவுடன் அணைகிறது. ஐட்லிங் ஸ்குரூவை நன்றாக முறுக்கினால் நிற்கிறது, ஆனால் அக்சிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் உடனே இறங்குவதில்லை. மலையில் காற்று மெலிது, ஆகவே பெரிய மெயின் ஜெட் (பெற்றோலை அளந்து விடும் துளையுள்ள திருகு) போட வேண்டும் என்று ஒரு கராஜில் சொன்னார்கள். போடலாமா?
- வாசகர், தலவாக்கலை

பதில்: போட வேண்டாம். காற்று மெலிது என்பது உண்மைதான். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆனால் காற்று குறைந்தால் அதோடு சேரும் பெற்றோல் விகிதத்தில் கூடிவிடும்; அதைச் சரிசெய்யச் சிறிய ஜெட்தான் வேண்டுமே தவிரப் பெரியது அன்று. மேலும், மெயின் ஜெட் வேலை செய்வது அக்சிலேட்டரை அதிகமாகத் திருகும்போது. உங்களுக்கு வந்திருப்பதோ அக்சிலேட்டரைத் திருகாத ஸ்லோவில் வரும் கோளாறு.

நீங்கள் எழுதியவற்றுள் எனக்கு மிகவும் உதவியது சோக் பற்றிய வரி. சோக் காற்றை மறித்து, பெற்றோலைக் கூடுதலாக உறிஞ்ச வைக்கிறது. அப்படிச் செய்தால் மட்டுமே எஞ்சின் ஓடுகிறதென்றால், ஸ்லோவுக்குரிய வழியில் பெற்றோல் போதாமல் வருகிறது, அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் எங்கோ வெளிக்காற்று புகுகிறது. இரண்டையும் உங்கள் கையாலேயே பிரித்தறியலாம்.

கழற்றாமல் பார்க்கக்கூடியது காற்றுக் கசிவு என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தைச் சுற்றித் தண்ணீரை மெல்லிய தூவலாக அடியுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் கசிவு. இந்தச் சோதனையைச் சிலர் பெற்றோல் தெளித்துச் செய்கிறார்கள். சூடான எஞ்சின் மேல் அது தீப்பிடிக்கும், தயவுசெய்து செய்யாதீர்கள். கசிவு இருந்தால், அந்த இணைப்பில் உள்ள ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் மண்ணெண்ணெயில் ஊறிப் பருத்துப் பள்ளத்தில் சரியாக உட்காராமல் இருக்கலாம், அல்லது இரண்டு நட்டுகளில் ஒன்றை மட்டும் முதலில் இறுக்கியதால் முகப்பு சாய்ந்திருக்கலாம். புது ஓ ரிங் போட்டு, இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கசிவு இல்லையென்றால், ஸ்லோவுக்குப் பெற்றோல் விடும் பைலட் ஜெட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்பதால் என் மனம் முதலிலிருந்தே அதன் பக்கம்தான் சாய்கிறது. நின்றுபோன பெற்றோல் ஆவியாகும்போது பிசின் போன்ற படிவை விட்டுச் செல்கிறது. கார்புரேட்டரிலேயே மிகச் சிறிய துவாரங்களுள் ஒன்றான பைலட் ஜெட் முதலில் அடைபடும். மண்ணெண்ணெய் அழுக்கைப் போக்கும், ஆனால் இந்தப் பிசினை எளிதில் கரைக்காது. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துவாரம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டு, காற்றழுத்தத்தால் ஊதுங்கள். ஊசியாலோ கம்பியாலோ குத்தினால் பித்தளைத் துவாரம் அகன்றுவிடும், பிறகு அந்த ஜெட்டை வீசத்தான் வேண்டும். ஜெட் தெளிந்தாலும் வேலை முடிவதில்லை: அது உட்காரும் குழிக்குள் கிளீனரை அடித்தால், அக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் சிலைடுக்குப் பக்கத்தில் எஞ்சின் பக்கமாக உள்ள நுண்துளை வழியாக அது பீறிட வேண்டும். பலர் இந்த வழியைப் பார்க்காமலே பூட்டிவிடுவதால்தான் மூன்று முறை கழுவியும் வண்டி சரிவருவதில்லை. கண்ணைக் காத்துக்கொண்டு செய்யுங்கள்.

பூட்டும்போது, சிலைடின் வெட்டுப்பட்ட பக்கம் எயார் பில்டரை நோக்கி இருக்க வேண்டும். ஸ்லோவுக்குரிய காற்றை அளக்கும் எயார் ஸ்குரூவை மெதுவாக, முட்டும்வரை மட்டும் உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடான பின் சத்தம் மிகச் சீராகும் இடத்தில் விடுங்கள். பிறகு ஐட்லிங் ஸ்குரூவைப் பழைய அளவுக்குத் தளர்த்துங்கள். சத்தம் இறங்கத் தாமதமாவதற்கு அந்த முறுக்கலே காரணமாக இருக்கக்கூடும். அது சரியாகும்வரை நுவரெலியாப் பாதையில் இந்த வண்டியை எடுக்காதீர்கள். இறக்கத்து வளைவில் அக்சிலேட்டரை விட்டும் வேகம் குறையாத வண்டி உயிருக்கு ஆபத்து.

கேள்வி: கார்புரேட்டரைக் கழுவிய பிறகு, நிறுத்தி வைத்த வண்டியின் கீழ்க் குழாயிலிருந்து பெற்றோல் சொட்டுகிறது. என்ன செய்வது?
- வாசகர், இராகலை

பதில்: கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் பெற்றோலை நிறுத்தும் மிதவையின் ஊசி வால்வில் தூசி சிக்கியிருக்கிறது, அல்லது கழுவும்போது மிதவையின் நாக்கு வளைந்திருக்கிறது. கிண்ணத்தைத் திறந்து ஊசியையும் அதன் இருக்கையையும் துடைத்து, மிதவை தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். வழியும் பெற்றோல் எஞ்சினுக்குள்ளும் இறங்கியிருக்கலாம், ஆகவே எஞ்சின் ஒயிலை முகர்ந்து பாருங்கள். பெற்றோல் வாடை வந்தால் ஒயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இதைச் சரிசெய்யும்வரை பெற்றோல் டெப்பை மூடி வையுங்கள். லயத்தில் விறகடுப்புக்குப் பக்கத்து விறாந்தையில் வண்டியை நிறுத்தும் வழக்கம் இருந்தால், இன்றிரவே அதை வெளியே எடுத்துவிடுங்கள்.