புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம்?

கேள்வி: எங்கள் ஊர் கூட்டுறவு ஆஸ்பத்திரியின் நிர்வாகக் குழுவான பரணசமிதிக்குத் தேர்வாகி ஏழு மாதம் ஆகிறது. எனக்குத் தென்னந்தோப்பும் பால் கணக்கும்தான் தெரியும். மாதக் கூட்டத்தில் கேன்டீன் டெண்டர், வாட்ச்மேன் வேலை, பெயின்ட் என்றே இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. ஆபரேஷனுக்குப் பின் புண் சீழ் வைத்த ஒருவரைப் பற்றிக் கேட்டேன். “அது டாக்டர்மார் விஷயம், நாம தலையிடக் கூடாது” என்றார் தலைவர். சரிதானா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பதில்: பாதி சரி. எந்த மருந்து கொடுப்பது என்று நீங்கள் சொல்லக் கூடாது. தோப்பில் நீங்களா மரம் ஏறுகிறீர்கள்? ஆனால் இந்த வெட்டுக்குக் காய் குறைந்தால் ஏன் என்று கேட்காமல் விடுவீர்களா?

ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அது டாக்டர் மேல் புகாராகிவிடும். “போன மூன்று மாதத்தில் எத்தனை ஆபரேஷன், எத்தனை பேருக்குப் புண் பழுத்தது, அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் எத்தனை?” என்று எழுதிக் கேளுங்கள். கணக்கே இல்லை என்றால் அந்தப் பதிலை மினிட்ஸில் ஏற்றச் சொல்லுங்கள். பெயின்டுக்கு முன்னால் இதைப் பேசட்டும்.

நானும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் குழுவில் நாலு வருஷம் குப்பை கொட்டியவன். ஓபி சீட்டுக் கவுன்டர் பக்கத்தில் புகார்ப் பெட்டி தொங்கும். சாவி யாரிடமும் இல்லை. பூட்டை உடைத்தோம். உள்ளே பல்லி முட்டை ஓடுகளும் ஒரு மருந்துச் சீட்டும் கிடந்தன. சீட்டின் பின்பக்கம் பென்சிலில், “ராத்திரி கூப்பிட்டா யாரும் வரல.” சீட்டின் தேதி ஒன்றரை வருஷம் பழசு. அந்த ஒன்றரை வருஷத்தில் கேன்டீன் டீ விலையை நாங்கள் மூன்று முறை விவாதித்திருந்தோம்!

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் இதுவே பெரிய அளவில் நடந்தது. அதன் நிர்வாகக் குழுவின் கண்ணெல்லாம் வரவு செலவில். செவிலியர் போதவில்லை, நோயாளிகளின் வீட்டார் சொன்னது எடுபடவில்லை. வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்சிஸ் 2013-ல் தந்த விசாரணை அறிக்கை, முதல் பொறுப்பாளி அந்தக் குழுதான் என்றது.

உங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய வருவார்கள். ஆபரேஷன் சம்மதப் படிவம் மலையாளத்தில் மட்டும் இருந்தால், அவர்கள் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார்கள்? மருத்துவ நிறுவனங்களுக்கான 2018-ஆம் ஆண்டின் கேரளச் சட்டம், கட்டண விவரத்தை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கச் சொல்கிறது. தமிழில் எழுதாதே என்று சொல்லவில்லை. இதையெல்லாம் டாக்டர்மார் விஷயம் என்று யாரும் தள்ளிவிட முடியாது; குழு தீர்மானம் போட்டால் போதும்.

டெண்டரில் குழுக்காரர் ஒருவருடைய மச்சான் பெயர் வந்தால், அந்தப் பேச்சு முடியும்வரை அவர் வெளியே போய் டீ குடிக்கட்டும்.

தலைவர் முகம் சுளிக்கத்தான் செய்வார். கூட்டத்துக்கு முன்பே இன்னொருவரிடமாவது பேசிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேள்வியைப் பத்து நாள் முன்னதாகவே செகரட்டரியிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.