கிண்ணம் மாறினால் திணறும் எலி

கேள்வி: ஐயா, எங்களுக்குப் பாம்பன். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். மகனுக்கு 4 வயது, ஒரே பிள்ளை. தண்ணீருக்குப் பயந்து அவனை வாசலைத் தாண்ட விடுவதில்லை. செல்போனைப் பார்த்தே எண், எழுத்தெல்லாம் படித்துவிட்டான். ஆனால் தட்டு மாறினால் சாப்பிடமாட்டான். வேறு தெரு வழியாகக் கடைக்குப் போனால் அழுது புரளுவான். எலியைத் தனியாக வளர்த்தால் புத்தி மழுங்கிவிடும் என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உண்மையா?
— வாசகி, பாம்பன்

பதில்: அம்மா, ‘மழுங்கும்’ என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுவோம். தனியே வளர்ந்த எலியும் முதல் பாடத்தைப் பெரும்பாலும் மற்ற எலிகளைப் போலவே படித்துவிடும். பாடம் மாறும்போதுதான் திணறும்.

இரண்டு கிண்ணம் வைப்பார்கள். ஒன்றில் மரத்தூள், ஒன்றில் மணல். மரத்தூளுக்கு அடியில் தீனி. சில தடவை தோண்டியதும் எலி இடத்தைக் கண்டுகொள்ளும். பிறகு சத்தமில்லாமல் தீனியை மணலுக்கு மாற்றிவிடுவார்கள். கூட்டத்தோடு வளர்ந்தது இரண்டொரு தடவை ஏமாந்துவிட்டு மணலுக்கு வந்துவிடும். தனியே வளர்ந்தது, தீனியே இல்லாத மரத்தூளை இன்னும் கிண்டிக்கொண்டிருக்கும். இந்த மாதிரிச் சோதனைகள் பலவற்றில் இதைப் பார்த்திருக்கிறார்கள். கற்றதை விடுவதுதான் அதற்குக் கஷ்டம்.

எலிக்குட்டி பால் மறப்பது சுமார் 21 நாளில். அதன்பின் சில வாரம் குட்டிகளுக்குள் ஓயாத மல்லுக்கட்டு விளையாட்டு. மதுரையில் விலங்கியல் படித்த காலத்தில் கூண்டுக்குத் தீனி வைப்பது என் வேலை. வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுவேன். ஒன்று மற்றதன் பிடரியை மூக்கால் முட்டும். அது மல்லாந்து விழுந்து நாலு காலாலும் உதைக்கும். அடுத்த நொடி மேலே இருந்தது கீழே. எதிராளி மாறமாறத் தானும் மாறியாக வேண்டும். அந்தப் பழக்கம் அங்கேதான் ஊறுகிறது என்பது என் நம்பிக்கை.

டோரதி ஐனன், மார்கன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1977-ல் காட்டியது இது: 25 நாளிலிருந்து 45 நாள் வரை தனிமையில் வைத்த எலிகளைப் பின்னால் கூட்டத்தில் விட்டும் பழைய பாதிப்பு போகவில்லை. 2012-ல் சுண்டெலிகளில் பார்த்தபோது, பால் மறந்த உடனே இரண்டு வாரம் தனியே இருந்தவற்றுக்கு மூளையின் முன்பகுதியில் நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறை மெலிந்திருந்தது.

பயமுறுத்தவா இதைச் சொல்கிறேன்? இல்லை. ஐனன் குழுவே 1978-ல் தனிக்கூண்டு எலிகளுக்குத் தினம் ஒரு மணி நேரம் துணை விட்டுப் பார்த்தது. அந்த ஒரு மணி நேரமே பெரிய அளவுக்குப் பாதிப்பைத் தடுத்தது. ஆனால் துணை கட்டிப் புரண்டு விளையாட வேண்டும். மருந்து கொடுத்து விளையாடாமல் செய்த துணையால் பயனில்லை. இன்னொன்று, இத்தகைய சோதனைகளில் தனி எலிகள் வழக்கமாக மற்றவற்றின் சத்தத்தைக் கேட்கும், வாசனையையும் பிடிக்கும். தொட மட்டும்தான் முடியாது. செல்போனில் மாமன் மகனைப் பார்ப்பதை நான் இதோடுதான் சேர்ப்பேன்.

எலியின் 20 நாளைப் பிள்ளையின் வருஷக் கணக்காக மாற்றிப் பார்க்காதீர்கள். அவன் எலி இல்லை. நீங்கள் பேசுகிறீர்கள், ஊட்டுகிறீர்கள், கட்டிக்கொண்டு படுக்கிறீர்கள். தட்டு மாறினால் அழும் நாலு வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர். பேச்சு குறைவு, கூப்பிட்டால் திரும்பாதது போன்றவை சேர்ந்திருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பால்வாடிக்கு அனுப்புங்கள். வெயில் தாழ்ந்ததும், கரையேற்றிய வள்ளங்களுக்குப் பக்கத்தில், அலை எட்டாத மணலில், வலை சரிபார்க்கிறவர்கள் உட்கார்ந்திருக்கும் இடமாகப் பார்த்து அவனை விடுங்கள். நீங்களும் கூடவே இருங்கள், போன் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையன் சிப்பியைப் பிடுங்குவான். இவன் அழுவான், தள்ளுவான். ஓடிப்போய்ப் பிரிக்காதீர்கள். பத்து வரை எண்ணிவிட்டு எழுந்திருங்கள்.