மேடு ஏறும்போது வலிக்காத முட்டி, இறங்கும்போது ஏன் வலிக்கிறது?

கோத்தகிரி பக்கமிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 52 வயது, கல்யாணமாகி வந்ததிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலை. மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறதே தவிர முட்டி வலிப்பதில்லை, இறக்கத்தில்தான் உயிர் போகிறது என்கிறாராம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு "தேய்மானம்" என்று சொல்லியிருக்கிறார்கள். தோளும்தான் நாள் முழுக்க உழைக்கிறது, முட்டிக்கு மட்டும் ஏன் இப்படி, கட்டைவிரல் அடியிலும் வலி வருகிறது, வேலையை விட்டுவிடச் சொல்லலாமா என்பது கேள்வி.

உடனே விடச் சொல்லாதீர்கள். இறங்குகிற முறையையும் தொடைத் தசையையும் கவனித்தாலே பலருக்கு வலி நன்றாகக் குறைகிறது.

எலும்பும் எலும்பும் சேருகிற இடமெல்லாம் மூட்டுதான், ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மண்டையோட்டு எலும்புகள் நாரால் இறுகப் பிணைந்தவை, அசையவே அசையாது (பிறந்த குழந்தையின் உச்சிக்குழி அந்தப் பிணைப்பு இன்னும் முழுமையாகாத இடம்). முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே குருத்தெலும்பு வட்டுகள் இருப்பதால் கொஞ்சம் வளையும். தோள், இடுப்பு, முட்டி, விரல் மூட்டுகள் மூன்றாவது வகை: எலும்பு முனைகளில் வழவழப்பான குருத்தெலும்பு, சுற்றிலும் ஒரு பை, பையின் உள்சவ்வு சுரக்கிற திரவம். குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாயே கிடையாது. அந்தத் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு, அதுவும் மூட்டை அசைத்து அழுத்தம் ஏறி இறங்கும்போதுதான் நன்றாக உள்ளே போகும். அதனால்தான் முட்டி வலிக்கு முழு ஓய்வு என்று மாதக்கணக்கில் உட்கார வைப்பதை நான் ஏற்பதில்லை.

தோள் பந்துக் கிண்ண மூட்டு, எல்லாப் பக்கமும் சுழலும், ஆனால் உடம்பின் எடையைத் தாங்குவதில்லை. இடுப்பும் அதே வகைதான், எடையைத் தாங்கினாலும் அதன் கிண்ணம் ஆழமானது, பந்து உள்ளே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். முட்டிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது கதவுக் கீல் மாதிரி முன்னும் பின்னும் மடங்கத்தான் ஏற்றது, மடக்கிய நிலையில் கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். கிட்டத்தட்ட தட்டையான ஒரு எலும்பின் மேல் உருண்டையான இரண்டு முனைகள் நிற்கின்றன, நடுவே பிறை வடிவத்தில் இரண்டு ஜவ்வுகள், இழுத்துப் பிடிக்க நார்கள். செடிகளுக்கு நடுவே சரிவில் பாதத்தை ஊன்றிவிட்டு இடுப்பை மட்டும் திருப்பிப் பறிக்கிறார்களே, அந்தத் திருகல் அப்படியே இந்த ஜவ்வுகளில்தான் விழுகிறது. அம்மாவிடம் பாதத்தையும் சேர்த்துத் திருப்பச் சொல்லுங்கள்.

சரி, இறக்கம். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைக் கீழே விழாமல் பிடித்து இறக்க வேண்டும், முட்டியும் மடங்கியிருக்கும், அதனால் முட்டிச்சில்லு தொடையெலும்பின் மேல் பலமாக அழுந்துகிறது. சமதளத்தில் நடந்தால் அங்கே வருகிற அழுத்தம் உடல் எடையில் பாதி அளவுதான். படி இறங்கும்போது அது எடையைப் போல 3 மடங்கைத் தாண்டும். முதுகில் கொழுந்துச் சாக்கும் இருந்தால் கேட்கவே வேண்டாம். தொடைத் தசை இளைத்துப்போனவர்களுக்கு இது இன்னும் மோசம்.

அதனால் சாக்கை இரண்டு நடையாகக் கொண்டுவர முடிந்தால் அதுவே பெரிய உதவி. செங்குத்தாக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாகச் சின்ன அடி வைக்கட்டும். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடி. படியில் இறங்கும்போது வலிக்கும் கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 5 விநாடி பிடித்து இறக்குவதை ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, தினம் இரண்டு வேளை. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், நடுவில் விட்டுவிடக் கூடாது. சம்மணம், குத்துக்கால் இரண்டையும் குறைக்கலாம். பனிக்காலக் காலையில் முட்டி இறுக்கமாக இருந்தால் வேலைக்குக் கிளம்பும் முன் வெந்நீர் ஒத்தடமும், காலை நாலைந்து முறை மடக்கி நீட்டுவதும் நல்லது.

"கிரீஸ் தீர்ந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். தேய்மானத்தில் பல நேரம் திரவம் கூடி முட்டி வீங்குகிறது, அதன் வழவழப்புதான் குறைகிறது. அப்புறம் எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது, எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை வைத்துத்தான் தேய்மானத்தைக் கணிக்கிறார்கள். படம் மோசமாக இருந்தும் வலியில்லாமல் நடப்பவர்கள் உண்டு.

கட்டைவிரல் அடியில் இருப்பது சேண மூட்டு, குதிரைச் சேணம் மாதிரி வளைந்த இரண்டு எலும்பு முனைகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காருகிற மூட்டு. கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட முடிவதே அதனால்தான். நாள் முழுக்க இரண்டு இலை ஒரு மொட்டைக் கிள்ளுகிற அழுத்தம் அங்கேதான் போய்ச் சேருகிறது. இடையிடையே கையை விரித்து ஓய்வு கொடுக்கட்டும், இரவில் அணிகிற கட்டைவிரல் பட்டையை மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம்.

காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை அவசியம். முட்டி திடீரென்று வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால், மடக்கிய கால் நீட்ட முடியாமல் மாட்டிக்கொண்டால், ஊன்றவே முடியாவிட்டால், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மெடிக்கலில் தானாக வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள், வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் அதனால் வருகின்றன.