இரட்டைக் குடியுரிமை: ரெங்கம் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ரெங்கம் தோட்டப் பகுதிகளில் அரசுப் பாரங்களை (விண்ணப்பப் படிவங்களை) நிரப்பிக் கொடுக்கும் முன்னாள் தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர் பதில் சொல்கிறார்.

ஐயா, நான் மலேசியன், மனைவி சிங்கப்பூர்ப் பிரஜை. கல்யாணத்தைப் பதிவு செய்திருக்கிறோம். மகன் குளுவாங்கில் பிறந்து இரண்டு மாதம். சிங்கப்பூரிலும் பதிந்துவிடலாமா?

தம்பி, அப்பா பிரஜை, கல்யாணமும் பதிவானது என்பதால் மகன் பிறப்பிலேயே மலேசியன். இங்கே பிறப்பைப் பதிய 60 நாள் கெடு. அதை முதலில் முடியுங்கள். தாய்வழியில் சிங்கப்பூர்க் குடியுரிமை கேட்க அங்கே ஓராண்டுக்குள் பதிய வேண்டும். பதிந்தால் 21 வயதாகி 22 முடிவதற்குள் உறுதிமொழி எடுத்து மலேசியக் குடியுரிமையை விட வேண்டும். ஆண் பிள்ளை என்பதால் சிங்கப்பூரின் என்எஸ் எனும் கட்டாயப் படைச் சேவையும் வரும். பதினெட்டு வயதில் அவன் செய்யவேண்டியதை இன்று நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். மனைவியோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள்.

மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது.

நாங்கள் இருவரும் மலேசியர், சிங்கப்பூரில் பிஆர் (நிரந்தரவாசி). அங்கே பிறந்தால் குழந்தைக்குச் சிங்கப்பூர்க் குடியுரிமை தானாக வருமா?

வராது. பெற்றோரில் ஒருவராவது சிங்கப்பூர்ப் பிரஜையாக இருக்க வேண்டும். அங்கே 42 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள். பிறகு ஓராண்டுக்குள் மலேசியத் தூதரகத்தில் பதியுங்கள்.

கோயிலில் தாலி கட்டினேன், பதிவு செய்யவில்லை. மனைவி தமிழ்நாடு. தலைப்பிரசவத்துக்குத் திருச்சியில் தாய்வீட்டுக்குப் போகிறாள். குழந்தை மலேசியப் பிரஜைதானே?

இப்போதைக்கு இல்லை, தம்பி. இந்தப் பகுதியில் நான் அதிகம் பார்த்த துயரம் இதுதான். 1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, பதிவு செய்யாத கோயில் கல்யாணம் இங்கே கல்யாணமாகாது. கல்யாணம் இல்லையென்றால் குழந்தை தாயின் குடியுரிமையைத்தான் தொடரும். அப்பா எத்தனை தலைமுறை நீல ஐசிக்காரராக (மலேசியப் பிரஜையின் அடையாள அட்டை வைத்திருப்பவராக) இருந்தாலும் அது உதவாது.

குழந்தை பிறந்த பிறகு கல்யாணத்தைப் பதிந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் 4-க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது. மலேசிய அப்பாவுக்குப் பிலிப்பீன்ஸில் பிறந்த பிள்ளை. பிறந்த பிறகுதான் பெற்றோர் கல்யாணத்தைச் செய்தார்கள். பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. ஆகவே பிரசவத்துக்கு முன்பே, இந்த வாரமே ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) போய்க் கல்யாணப் பதிவுக்கு வழி கேளுங்கள். மனைவியை விமானம் ஏற்றுவது அப்புறம்.

என் மச்சானிடம் இரண்டு பாஸ்போர்ட் இருக்கிறது. பத்து வருசமாக ஒன்றும் ஆகவில்லையே?

24-ஆம் பிரிவில் குடியுரிமை தானாகப் பறிபோவதில்லை. அரசு உத்தரவு போட்டால்தான் போகும். உத்தரவு வரவில்லை என்பது அனுமதி ஆகாது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பதும், அதைப் பயன்படுத்திப் பயணம் செய்வதும், அங்கே தேர்தலில் ஓட்டுப் போடுவதும் அந்த நாட்டுப் பிரஜையின் உரிமையைத் தானே கேட்டு அனுபவித்ததாக எடுத்துக்கொள்ளப்படும்.

அண்ணே, குழந்தைக்கு 21 வயது வரை இரண்டும் வைத்திருக்கலாம் என்று எல்லாருமே சொல்கிறார்களே?

எல்லாரும் சொல்வது எனக்கும் தெரியும். மலேசிய அரசியலமைப்பில் அப்படி ஒரு வரி கிடையாது. அந்த 21 சிங்கப்பூர்ச் சட்டத்தில் வரும் உறுதிமொழி வயது.

அப்படியென்றால் பிறந்தவுடனே குழந்தை தவறு செய்துவிட்டதா? இது என்ன நியாயம்?

நியாயமான கோபம். குழந்தை எதையும் கேட்கவில்லை. பிறப்பாலேயே இரண்டு நாட்டுச் சட்டமும் உரிமை கொடுத்தால் அது அதன் குற்றமில்லை. நான் எச்சரிப்பது அப்பா அம்மாவை: நீங்கள் போடும் விண்ணப்பம், நீங்கள் எடுக்கும் பாஸ்போர்ட். இங்கே ஒரு பாஸ்போர்ட்டைக் காட்டிப் புறப்பட்டு, அங்கே வேறொன்றைக் காட்டி நுழையும் பழக்கத்தைத் தயவுசெய்து குழந்தைக்குத் தொடங்கி வைக்காதீர்கள்.

மச்சான் கேட்கச் சொன்னார்: அவருக்கு ஏதாவது ஆகுமா?

வக்கீலிடம் போகச் சொல்லுங்கள். மச்சான் விஷயம் இத்தோடு போதும்.

நான் மலேசியப் பெண். கணவர் ஆஸ்திரேலியர். மகள் 2022-இல் பெர்த்தில் பிறந்தாள். அவளுக்கு மலேசியக் குடியுரிமை உண்டா?

தங்கச்சி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தர அப்பாவுக்குத் தானாகக் கிடைத்த உரிமை அம்மாவுக்கு இல்லாமலிருந்தது பெரிய அநீதி. 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தாய்மார் பக்கம் நின்றது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2024 அக்டோபரில் மக்களவை 206 ஓட்டுகளோடு அம்மாவுக்கும் அந்த உரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தத்தை ஏற்றது. ஆனால் திருத்தம் முன்தேதியிட்டுச் செல்லாது. உங்கள் மகளுக்கு அரசியலமைப்பின் 15(2) பிரிவின்கீழ் விண்ணப்பம்தான் வழி. வயது வரம்பு இருப்பதால் தள்ளிப் போடாதீர்கள்.

ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் அட்டை) எடுத்தால் என் பேரனுக்கு இந்தியக் குடியுரிமையும் சேர்ந்துவிடுமா?

சேராது. அது நீண்டகால விசா போன்றது. அங்கே ஓட்டில்லை, விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது. பூர்வீகத்துக்கு ஆதாரம் கேட்பார்கள், தாத்தாவின் பழைய காகிதங்களைத் தேடி வையுங்கள்.

ஐயா, சிங்கப்பூரில் பிறந்தால் தானாகவே…

மேலே இரண்டாவது பதில்.

பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து மாறிவிட்டது, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடாதீர்கள். அப்பா அம்மா பெயர் ஐசியில் உள்ளதுபோலவே இருக்க வேண்டும், ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) உட்பட. தூதரகத்துக்குப் போகுமுன் பிறப்பைப் பதிந்த இடத்திலேயே திருத்திக்கொள்ளுங்கள்.