எட்டு மாதம் தங்குகிறவர் விருந்தாளியா?

கேள்வி: ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் பக்கத்து ஏரிகளிலும் வயல்களிலும் வெளிநாட்டு விருந்தாளிப் பறவைகள் வந்து இறங்குகின்றன. போன வாரம் விடியற்காலையில், பச்சை, நீலம், சிவப்பு என்று பல நிறங்கள் கொண்ட குட்டை வால் பறவை ஒன்று எங்கள் வீட்டு மாடிப்படியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அது அபூர்வப் பறவையா? இப்படிப்பட்ட விருந்தாளிகளை எப்படி உபசரிக்க வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிதம்பரம்

பதில்: பறவை பார்த்ததற்கெல்லாம் பெயரை மறைக்க வேண்டுமா, அம்மா? போகட்டும். 'விருந்தாளி' என்று எழுதியிருக்கிறீர்களே, என் சண்டை அதோடுதான்.

விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம்? எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் காலையிலேயே காப்பி நீர்த்துவிடும். உங்கள் ஊரைச் சுற்றியுள்ள சேற்று வயல்களில் வாலை ஆட்டிக்கொண்டு திரிகிறதே பொறி உள்ளான், அதன் முதல் அணி ஆடி மாதக் கடைசியிலேயே வந்துவிடுகிறது. சித்திரை வரை நகராது. சூறைக்குருவியும் அப்படித்தான். ஆவணியில் மத்திய ஆசியாவிலிருந்து கூட்டமாக வந்து, நம் சோளத்தையும் வெட்டுக்கிளியையும் பாரபட்சமில்லாமல் தின்று, பங்குனி சித்திரையில் கிளம்புகிறது. வருஷத்தில் எட்டு மாதம் ஓர் ஊரில் இருப்பவருக்கு ரேஷன் கார்டே கொடுத்துவிடலாம்.

அப்படியானால் வடக்கே எதற்குப் போகின்றன? பிரசவத்துக்கு. புகுந்த வீட்டில் வாழ்கிற பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டுக் கைக்குழந்தையோடு திரும்பி வந்தால், "வாங்க விருந்தாளி" என்று வாசலில் பன்னீர் தெளித்தா வரவேற்கிறோம்? சைபீரியாவும் மத்திய ஆசியாவும் இவற்றின் தாய்வீடு. இரண்டு, மூன்று மாத வேலை. வடகோடியின் கோடையில் பகல் நீளம், கொசுவும் பூச்சியும் கொள்ளை. குஞ்சுக்கு ஊட்டம் கிடைக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பிரசவ விடுப்பிலும் ஒரு விசேஷம். பொறி உள்ளானில் குஞ்சு பொரித்த சில நாட்களிலேயே தாய் கிளம்பிவிடுகிறாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அப்பன். (இந்தப் பத்தியை வீட்டில் உரக்கப் படிக்க வேண்டாம் என்று ஆண் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.) பிறகு அப்பனும் கிளம்பிவிடுவான். பிறந்து சில வாரங்களே ஆன குஞ்சுகள் கடைசியில், வழிகாட்ட யாரும் இல்லாமல், பார்த்தே இராத நம் ஊரைத் தேடிப் புறப்படுகின்றன. நம் பிள்ளைகளைத் தனியாக அடுத்த தெருவுக்கு டியூஷன் அனுப்பவே நமக்கு மனம் வருவதில்லை.

அடுத்து 'வெளிநாட்டு'. நவம்பர் பிறந்தால் போதும்; "ஆஸ்திரேலியா, சைபீரியாவிலிருந்து பல்லாயிரம் மைல் பறந்து வந்து வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகள்" என்று யாராவது ஒரு நிருபர் எழுதிவிடுவார். போன வருஷச் செய்தியில் தேதியை மட்டும் மாற்றுகிறார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம். ஐயா, நவம்பரில் ஆஸ்திரேலியாவில் கோடை தொடங்கப் போகிறது. எந்தக் குளிருக்குப் பயந்து அந்தப் பறவை இங்கே ஓடி வர வேண்டும்? வேடந்தாங்கலில் கூடு கட்டும் நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். வடக்கேயிருந்து வருகிற ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இங்கே கூடு கட்டுவதே இல்லை. கோடியக்கரையில் நீங்கள் பார்க்கும் பூநாரைக்குப் பிறந்த ஊரைத் தேட வேண்டுமானால், குஜராத்தின் கட்ச் ரண் வரை போனால் போதும். ஆனால் 'குஜராத் பறவை' என்றால் கூட்டம் சேராது. பாஸ்போர்ட் இருந்தால்தான் பறவைக்கே மரியாதை.

சத்திமுத்தப் புலவரின் செங்கால் நாரையை இந்த இடத்தில் பறக்கவிடுவது கட்டுரையாளர்களின் வழக்கம். பாவம், அது நிறையப் பறந்துவிட்டது, ஓய்வெடுக்கட்டும். எனக்குப் பாக்கி இருக்கிற வழக்கு வேறு. புறநானூறு 67-ஆம் பாட்டில் பிசிராந்தையார் ஓர் அன்னச் சேவலைக் கோப்பெருஞ்சோழனிடம் தூது அனுப்புகிறார். ஆந்தை அன்னத்தை அனுப்பிய பாட்டு! குமரித் துறையில் மேய்ந்துவிட்டு வடமலைக்குத் திரும்பும் வழியில் உறையூரில் இறங்கு, வாயிற்காவலனைக் கேட்காமல் உள்ளே போ, என் பெயரைச் சொல், உன் பேடைக்கு நகை தருவான் என்கிறார். பெரிய இடத்தில் வேண்டியவர் பெயரைச் சொல்லி உள்ளே நுழையும் நம் பழக்கத்துக்கு இதைவிடப் பழைய சான்று உண்டோ?

அந்த அன்னம், நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்துக்கு இன்றும் வருகிற வரித்தலை வாத்துதான் என்று நான் இதே பக்கத்தில் ஒரு முறை எழுதினேன். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருகிற வாத்து அது. 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததைக் கருவி பொருத்தியே பார்த்திருக்கிறார்கள். உடனே ஒரு தமிழ்ப் பேராசிரியர் பாய்ந்தார். பாட்டில் அன்னம் 'அயிரை மாந்தி'ப் போகிறது. உம்முடைய வாத்து புல்லும் நெல்லும் மேய்கிற சைவம். அயிரை மீன் தின்னுமா என்று கேட்டார். பாலையும் நீரையும் பிரித்துக் குடிக்கும் என்பதை மறுபேச்சில்லாமல் நம்புகிறவர்கள், மீன் விஷயத்தில் மட்டும் ஆதாரம் கேட்கிறார்கள். குமரிக்கு வந்து வடமலைக்குத் திரும்பும் பறவை என்று போக்குவரத்தைப் புலவர் பிசகாமல் சொல்லிவிட்டார். உணவுப் பட்டியலில் கொஞ்சம் கைவரிசை காட்டியிருக்கலாம், புலவர்தானே. பேராசிரியரிடமிருந்து இதற்கும் கடிதம் வரும். இந்த முறை அஞ்சலட்டையில் அடங்கும்படி எழுதட்டும்.

அபூர்வம் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்த்திகைப் புயல் ஒன்று கரை கடந்த மறுநாள், நடுக்கடலை விட்டு வராத ஆலாக்களும் ஃப்ரிகேட் பறவைகளும் திசை தப்பி உள்நாட்டு ஏரிக்கு மேலே தவித்துக்கொண்டிருக்கும். பறவை ஆர்வலர்கள் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவது அதற்குத்தான். புயல் வீசும்போது ஊரே பிரார்த்தனை செய்கிறது, இவர்களும் செய்கிறார்கள். ஆனால் பிரார்த்தனை வேறு.

உபசாரம் பற்றிக் கேட்டீர்கள். வேடந்தாங்கல்காரர்கள் 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம், பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று எழுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். கருணை ஒரு பக்கம் இருக்கட்டும். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்குத் தனி உரம் வேண்டாம் என்பது அவர்களுக்குத் தெரியும். பறவைகள் வாடகை கொடுத்துத்தான் தங்கின. விருந்தாளி வாடகை கொடுத்து எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

உங்கள் மாடிப்படிக்கு வந்தது, நீங்கள் சொல்கிற அடையாளங்களைப் பார்த்தால், ஆறுமணிக்குருவி. அபூர்வமில்லை. வெளிநாடும் இல்லை, இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலத்தில் தெற்கே நம்மிடமும் இலங்கைக்கும் வருவது. இரவில் பறக்கும். தெருவிளக்கில் மிரண்டு, ஜன்னல் கண்ணாடியில் மோதி, களைத்து விழும். ஒவ்வோர் ஐப்பசியிலும் யாராவது ஒருவர் வீட்டுக் குளியலறையிலோ கார் ஷெட்டிலோ இது அகப்படும். அடுத்த முறை வந்தால், காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் சில மணி நேரம் வையுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு வைக்காதீர்கள். அது தரைச் சருகைக் கிளறிப் பூச்சி தின்கிற பறவை. தெளிந்ததும் மரநிழலில் விட்டுவிடுங்கள். சிறகு தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டில் வைத்து வளர்க்கலாமா என்று உங்கள் பேரன் கேட்பான். 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று சொல்லி வையுங்கள்.