ஆப்பிளின் மேக்கின்டாஷ் (மேக்) கணினியில், அதே நிறுவனத்தின் பழைய ஆப்பிள் 2 கணினிக்கான மென்பொருளை ஆப்பிள் 2இ கார்டு எப்படி ஓட்டியது?

அது எமுலேட்டர், அதாவது இன்னொரு கணினியைப் போல நடிக்கும் மென்பொருள், இல்லை. ஆப்பிள் 2 வரிசையைச் சேர்ந்த 2இ கணினியே கிட்டத்தட்ட முழுதாக அந்தக் கார்டில் இருந்தது.

அமெரிக்கப் பள்ளிகளில் ஆப்பிள் 2 பாட மென்பொருள்கள் அலமாரி அலமாரியாக இருந்தன. 1990-ல் வந்த மேக்கின்டாஷ் எல்சியின் 68020 பிராசசருக்கு அவை புரியாது. புது மெஷின் வாங்கினால் பழைய டிஸ்க்குகளைத் தூக்கிப் போட வேண்டியதுதானா? இதற்குத் தீர்வாகத்தான் 1991-ல் ஆப்பிள் இந்தக் கார்டை விற்றது.

எல்சியைத் திறந்து, உள்ளே இருக்கும் ஒரே ஸ்லாட்டில் இதைச் செருக வேண்டும். அதனால் வேறு கார்டுக்கு இடமிருக்காது. பழைய புரோகிராமை இதிலுள்ள 65சி02 பிராசசரே நேரடியாக ஓட்டும். 2இ-யின் மற்ற சர்க்யூட்டுகள் பெரும்பாலும் ஒரே சிப்பில் அடங்கிவிட்டன. திரை, கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் மேக்கிடம் இரவல்.

எனக்குப் பிடித்தது பின்பக்கக் கேபிள்தான். ஒய் வடிவில் பிரியும். ஒரு முனையில் 5.25 அங்குல டிரைவ், மறுமுனையில் ஜாய்ஸ்டிக். பழைய டிஸ்க்கை அப்படியே போடலாம்.

ஒரு தொல்லை: மேக்கை 24 பிட் மெமரி முறையில் (மெமரி முகவரிகளை 24 பிட்டில் குறிக்கும் பழைய முறை) வைத்தால்தான் கார்டு வேலை செய்யும். அப்புறம், கன்ட்ரோல், கமாண்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திரை வரும். அங்கிருந்து மேக்குக்குத் திரும்பிவிடலாம்.