பழைய புல்லட்டா, புது வண்டியா? நெடும்பயணக்காரர்களின் கேள்விகள்

அப்பாவின் 1986 மாடல் புல்லட் 350 வீட்டில் சும்மா நிற்கிறது. அதைத் தயார் செய்து சென்னையிலிருந்து கன்னியாகுமரி போகலாமா? இல்லை, புது கிளாசிக் 350 வாங்கிவிடட்டுமா?

போகலாம். ஒரே நாளில் போய்ச் சேரும் எண்ணம் மட்டும் வேண்டாம். அந்த வார்ப்பிரும்பு இன்ஜினுக்கு மணிக்கு 60, 65 தான் சுகம். அதற்கு மேல் மணிக்கணக்கில் முறுக்கினால் அதிர்விலேயே நட்டும் போல்ட்டும் கழன்றுகொள்ளும். ராயல் என்ஃபீல்டு 2020இல் மீட்டியாரிலும் 2021இல் கிளாசிக்கிலும் கொண்டுவந்த 349 சிசி இன்ஜினில் அதிர்வை அடக்க பேலன்ஸர் ஷாஃப்ட் வைத்திருக்கிறார்கள். 90இல் போகும்போதும் பின்னால் வரும் லாரியின் நம்பரைக் கண்ணாடியில் படிக்கலாம். பழைய புல்லட்டின் கண்ணாடியில் லாரி வருகிறது என்பது வரைக்கும் தெரியும்.

கிளம்பும் முன் பிளக்கில் பொறி வரவைக்கும் பாயிண்ட் செட், கண்டென்சர் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். கழற்றியது நன்றாக இருந்தால் அதையும் பையில் வையுங்கள். கிளட்ச் கேபிளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கேபிளை ஓட்டி டேப் சுற்றிவிட்டால், அறுந்த இடத்தில் முனையை மட்டும் மாற்றிக் கிளம்பிவிடலாம். பிளக், செயின் லிங்க், ட்யூப், அரை லிட்டர் ஆயில் கூடவே வர வேண்டும். ஆயில் கசிவதைப் பார்த்துப் பதறாதீர்கள். ராத்திரி நிறுத்தும்போது அடியில் ஓர் அட்டையைப் போடுங்கள். காலையில் அட்டையில் இருக்கும் கறை நேற்றையதைவிடப் பெரிதாக இருந்தால்தான் கேஸ்கெட்டையோ சீலையோ பார்க்க வேண்டும்.

கிக்கரை முரட்டுத்தனமாக மிதித்தால் முழங்காலுக்கு ஆபத்து. சாவியைப் போட்டு, டீகம்ப்ரஷர் லீவரை (இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் சின்னப் பிடி) பிடித்தபடி கிக்கரை மெல்ல அழுத்துங்கள். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. அப்பா இருந்தால் அவரையே கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு செய்து காட்டுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பயம் உண்டு. அந்த வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். தினமும் வேறு வண்டி ஓட்டுகிறவர் என்றால், மாடு குறுக்கே வரும் நொடியில் உங்கள் வலது கால் கியரைத்தான் மிதிக்கும். ஊருக்குள் ஒரு மாதம் ஓட்டிப் பழகிய பிறகே நெடுஞ்சாலைக்குப் போங்கள்.

கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கணக்குப்படி பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்.ஐ. (ஃபியூவல் இன்ஜெக்ஷன்) வண்டி நடுவழியில் நின்றால் ரோட்டோர மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாதாமே?

பாதி உண்மை. என் எஃப்.ஐ. வண்டி ஒன்று (கம்பெனி பெயர் வேண்டாம்) ஒரு ராத்திரி தொப்பூர் தாண்டி நின்றுவிட்டது. சாவியைப் போட்டால் டேங்குக்குள் பெட்ரோல் பம்பு இரண்டு நொடி முனகும். அன்று மீட்டரில் விளக்கு எரிகிறது, முனகல் மட்டும் இல்லை. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் செல்போன் வெளிச்சம் காட்ட, சீட்டைக் கழற்றிப் பார்த்தால் பம்புக்குப் போகும் ஃபியூஸ் கருகியிருந்தது. பெட்டியிலேயே இருந்த உபரி ஃபியூஸைச் செருகினேன், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

ஆகவே முதலில் காதைக் கொடுங்கள். முனகல் இல்லையென்றால் கில் ஸ்விட்ச், ஃபியூஸ், பேட்டரி டெர்மினல் என்று வரிசையாகப் பாருங்கள். இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் தேவையில்லை. பம்பே செத்திருந்தால் லோடு ஆட்டோதான் கதி. டேங்கிலுள்ள பெட்ரோல்தான் பம்பைக் குளிர வைக்கிறது, அதனால் எப்போதும் ரிசர்விலேயே ஓட்டும் பழக்கத்தை விடுங்கள். புது கிளாசிக்கில் கிக்கரும் கிடையாது. பேட்டரிக்கு வயதாகிவிட்டால் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

கார்புரேட்டர் வண்டி இப்படித் திடீரென்று நிற்பது குறைவு. இருமும், பிக்கப் குறையும், இரண்டு நாளாவது முரண்டு பிடிக்கும். எஃப்.ஐ. வண்டி அடிக்கடி நிற்காது, நின்றால் சொல்லாமல் நிற்கும். லடாக் போகிறவர்களுக்கு நான் எஃப்.ஐ.தான் சொல்வேன். 17,000 அடிக்கு மேல் காற்று மெலிந்துவிடும், கார்புரேட்டர் அது தெரியாமல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும், வண்டி கரும்புகை கக்கும். எஃப்.ஐ.யில் சென்சார் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். சக்தி இரண்டிலுமே குறையும், அதற்கு வழியில்லை.

இப்போதைய எத்தனால் பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குமா?

ஓட்டிக்கொண்டே இருக்கும் வண்டியைவிட நிறுத்தி வைத்த வண்டிக்குத்தான் ஆபத்து. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டேங்க் உள்ளே துருப்பிடிக்கும், கார்புரேட்டர் ஜெட் அடைத்துக்கொள்ளும். பழைய ரப்பர் குழாய்களும் ஊறி வெடிக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் 20 சதவீத எத்தனாலைத் தாங்கும் பாகங்களே இருக்கின்றன. பழைய வண்டியில் பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் ரப்பர் கிட் இரண்டையும் மாற்றுங்கள். ஒரு மாதம் நிறுத்துவதென்றால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

2012 மாடல் புல்லட் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. வாங்கலாமா?

தாராளமாக. இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே உடம்பாக வந்த யூசிஇ இன்ஜின் அது. கார்புரேட்டரும் உண்டு, கிக்கரும் உண்டு, கியரும் இடது காலுக்கு வந்துவிட்டது. என்னைக் கேட்டால் இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்கும் வண்டி. செல்ஃப் உள்ள வண்டியா என்று பாருங்கள். பட்டனை அழுத்தும்போது 'கரக்' என்று பல் வழுக்குகிற சத்தம் வந்தால் செல்ஃப் மோட்டாரை இன்ஜினோடு இணைக்கும் ஸ்பிராக் கிளட்ச் போய்விட்டது, விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள்.

புது வண்டிக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்கிறார்கள். நம்பலாமா?

ஆயிலுக்கு நம்பலாம். செயினுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து செயின் லூப் (மசகு எண்ணெய்) போடுங்கள், மழையில் ஓட்டினால் அன்று ராத்திரியே.

டிரம் பிரேக் வண்டியில் கொல்லிமலை இறங்கலாமா?

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். 70 வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியிலேயே லைனர் சூடேறிப் பிடிப்பு போய்விடும். கருகல் வாடை மூக்குக்கு வந்ததும் ஓரங்கட்டி அரை மணி நேரம் உட்காருங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.